கொயினா முதல் கானமைசின் வரை: மருந்துவழிக் காதிரைச்சலின் வரலாறும் புதுச்சேரியும்

மருந்துவழிக் காதிரைச்சல் என்பது, வெளியே எந்த ஒலியும் இல்லாதபோதும், உட்கொண்ட மருந்தின் பக்கவிளைவாகக் காதிலோ தலைக்குள்ளோ மணியோசை, வண்டின் ரீங்காரம், சீழ்க்கை, கடலலை போன்ற ஒலி கேட்பதாகும். சில மருந்துகளில் இது மருந்தை நிறுத்தியதும் மறைந்துவிடும். வேறு சில மருந்துகளிலோ நிரந்தரச் செவித்திறன் இழப்பின் முதல் அடையாளமாக அமையும். மலேரியாவுக்கான குயினைன், வாத நோய்க்கான சாலிசிலேட்டு, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், கானமைசின் ஆகியவை இந்த வரலாற்றின் முதன்மையான மருந்துகள். இவற்றில் முதலாவதான குயினைன் பிரெஞ்சு வேதியியலின் கண்டுபிடிப்பு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் மருத்துவக் கல்வியும் மருந்தாய்வும் வளர்ந்த காலம், இம்மருந்து உலகெங்கும் பரவிய காலமாகும்.

சொல்லும் பொருளும்

காதில் தானாக ஒலி கேட்கும் நிலையை இந்திய மருத்துவ நூல்கள் தொன்றுதொட்டு அறிந்திருந்தன. சுசுருத சம்கிதை கூறும் 28 காது நோய்களில் கர்ணநாதம் ஒன்று. கர்ணம் என்பது காது. நாதம் என்பது ஒலி. பேச்சுத் தமிழில் இது காது இரைச்சல், காதில் ரீங்காரம் எனப்படுகிறது. ஆங்கில மருத்துவம் பயன்படுத்தும் டின்னிடஸ் என்ற சொல், மணி ஒலிப்பதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு மருத்துவர்கள் இதைப் பூர்தோன்மான் என்றனர். பூர்தோன் என்பது பெருவண்டு. தமிழின் ரீங்காரமும் பிரெஞ்சின் பூர்தோன்மானும் வண்டையே உவமையாகக் கொண்டவை.

குயினைன் என்ற பெயர் தமிழ்ப் பேச்சு வழக்கில் கொயினா என்றாயிற்று. கசப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் அளவுக்கு இச்சொல் வழக்கில் ஊன்றியது. குயினைன் உட்கொண்டவருக்குத் தோன்றும் காதிரைச்சல், காது மந்தம், தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், பார்வை மங்கல் ஆகியவற்றின் தொகுப்பை மருத்துவர்கள் சிங்கோனியம் என்று அழைக்கின்றனர்.

சிங்கோனா பட்டையும் பிரெஞ்சு வேதியியலும்

சிங்கோனா மரம் தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைத்தொடருக்கு உரியது. அதன் பட்டையை 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். முறைவைத்து வரும் குளிர்காய்ச்சலைப் பட்டைத் தூள் தணித்தது. ஆனால் ஒரு மரத்துப் பட்டைக்கும் இன்னொன்றுக்கும் வீரியம் வேறுபட்டதால், எவ்வளவு கொடுப்பது என்பது அனுமானமாகவே இருந்தது. கலப்படமும் மிகுந்திருந்தது.

1820இல் பாரிசைச் சேர்ந்த மருந்தாளர்கள் பியேர் ஜோசப் பெல்லெத்தியே, ஜோசப் கவாந்து ஆகிய இருவரும் பட்டையிலிருந்து குயினைனையும் சிங்கோனினையும் தனித்தெடுத்தனர். தங்கள் முறைக்கு அவர்கள் காப்புரிமை கோரவில்லை, செய்முறையை வெளியிட்டனர். இதனால் பல நாடுகளில் குயினைன் உற்பத்தி விரைவாகத் தொடங்கியது. எடைபோட்டுக் கொடுக்கத்தக்க தூய மருந்து கிடைத்ததும் சிகிச்சையின் தன்மையும் மாறியது. அல்சீரியாவின் போன் நகரில் பணியாற்றிய பிரெஞ்சுப் படை மருத்துவர் பிரான்சுவா கிளெமான் மய்யோ 1834 முதல் குயினைன் சல்பேட்டைப் பெரிய அளவில், காய்ச்சல் தொடங்கிய உடனேயே கொடுத்தார். படைவீரர்களின் இறப்பு பெருமளவு குறைந்தது.

அளவு கூடியதும் பக்கவிளைவும் கூடியது. மரப்பட்டைத் தூளைச் சிறிது சிறிதாக விழுங்கியபோது அரிதாகத் தோன்றிய காதிரைச்சல், தூய குயினைனை முழு அளவில் எடுத்தவர்களிடம் வழக்கமான நிகழ்வாயிற்று. மருந்து தூய்மையடைந்த பிறகே அதன் பக்கவிளைவும் தெளிவாக வரையறுக்கப்பட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு மருத்துவம்

பிரெஞ்சுக்காரர் 1674 முதல் புதுச்சேரியில் நிலைகொண்டனர். போர்களால் நகரம் பலமுறை கைமாறியது. 1761இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. நெப்போலியப் போர்களுக்குப் பின் 1816இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு வந்த பிறகே அமைதியான நிருவாகம் தொடர்ந்தது. குயினைன் கண்டறியப்பட்ட மூன்றாம் ஆண்டான 1823இல் இங்கு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய ஜிப்மர் தன் தோற்றத்தை அப்பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. 1826இல் தாவரவியல் பூங்கா உருவானது. ஜார்ஜ் சாமுவேல் பெரொத்தே என்ற தாவரவியலாளர் புதுச்சேரியை மையமாகக் கொண்டு நீலகிரித் தாவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார். அவர் 1870இல் புதுச்சேரியிலேயே காலமானார்.

பெல்லெத்தியேயும் கவாந்துவும் காட்டிய வழி, மருந்துச் செடியிலிருந்து வீரியப் பொருளைத் தனித்தெடுக்கும் முயற்சியைப் பல இடங்களில் தூண்டியது. புதுச்சேரியில் பணியாற்றிய மருந்தாளர் லெப்பின் 1850களில் வல்லாரையை ஆராய்ந்து, தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு வெல்லாரின் எனப் பெயரிட்டார். வல்லாரை என்ற தமிழ்ப் பெயரே ஐரோப்பிய மருந்து நூல்களில் இவ்வாறு பதிவாயிற்று. தொழுநோய்க்கும் தோல் நோய்க்கும் வல்லாரை அக்காலத்தில் சோதிக்கப்பட்டது. குயினைனுக்கு நிகரான மருந்தாக அது அமையவில்லை. எனினும் பாரிசில் பிறந்த ஓர் ஆய்வுமுறை நாற்பது ஆண்டுகளுக்குள் புதுச்சேரிக்கு வந்துசேர்ந்ததற்கு அது சான்று.

நீலகிரித் தோட்டங்களும் சென்னை ஆணையமும்

தென்னிந்தியாவில் குயினைன் மலிவாகக் கிடைக்க வழிசெய்தது ஆங்கிலேயரின் சிங்கோனா பயிரிடல். கிளெமென்ட்சு மார்க்கம் தலைமையில் தென் அமெரிக்கா சென்ற குழு 1860இல் விதைகளையும் நாற்றுகளையும் திரட்டியது. உதகமண்டலம் அரசுப் பூங்காவின் கண்காணிப்பாளர் வில்லியம் கிரகாம் மெக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நடுவட்டத் தோட்டங்களில் சீனக் கைதிகளும் வேலை செய்தனர். பிற்காலத்தில் ஆனைமலைப் பகுதியிலும் சிங்கோனா பயிரிடப்பட்டது. வால்பாறை அருகே சின்கோனா என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது.

சிங்கோனா பட்டையில் குயினைன், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என நான்கு முதன்மை ஆல்கலாய்டுகள் உள்ளன. விலை மிகுந்த குயினைனுக்குப் பதில் மற்ற மூன்றைப் பயன்படுத்தலாமா என்பதை அறிய, 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் ஓர் ஆணையம் ஏறத்தாழ 3,600 நோயாளிகளிடம் அவற்றைச் சோதித்தது. நான்கும் 98 விழுக்காட்டுக்கு மேல் காய்ச்சலை நிறுத்தின. மலேரியா மருந்துகளை ஒப்பிட்ட தொடக்ககாலப் பெரிய ஆய்வுகளில் இதுவும் ஒன்று. காய்ச்சல் நின்றதா என்பதே ஆணையத்தின் முதன்மை அளவுகோல். உயிரைக் காக்கும் மருந்தின் முன் காதிரைச்சல் பொறுத்துக்கொள்ளத்தக்க சிறு தொல்லையாகவே கருதப்பட்டது.

அப்போது மலேரியாவின் காரணமே தெரியாது. பிரெஞ்சுப் படை மருத்துவர் அல்போன்சு லவெரான் 1880இல் அல்சீரியாவில் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராசு கொசுவின் உடலில் அதைக் கண்டார். மருந்து வந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகே நோய்க்கிருமி தெரியவந்தது.

இரைச்சலை அளவுகோலாகக் கொண்ட காலம்

குருதியில் மருந்தின் அளவைக் கணக்கிடும் ஆய்வகக் கருவிகள் 19ஆம் நூற்றாண்டில் இல்லை. நோயாளியின் உடலே அளவுமானியாக இருந்தது. காது இரையத் தொடங்கினால் போதிய குயினைன் உடலில் சேர்ந்துவிட்டது என்று மருத்துவர்கள் கருதினர். இரைச்சல் இவ்வாறு மருந்து வேலை செய்வதன் அடையாளமாயிற்று.

இதே பார்வை சாலிசிலேட்டுகளுக்கும் பொருந்தியது. 1876இல் இசுக்காட்லாந்து மருத்துவர் தாமசு மக்ளகன் வில்லோ மரப்பட்டையின் சாலிசினை மூட்டுவாதக் காய்ச்சலுக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார். அதே ஆண்டில் செருமனியிலும் சாலிசிலிக் அமிலம் இந்நோய்க்குக் கொடுக்கப்பட்டது. 1899இல் ஆசுப்பிரின் விற்பனைக்கு வந்தது. வாத நோயாளிகளுக்குக் காது இரையும்வரை அளவைக் கூட்டி, பிறகு சற்றுக் குறைப்பது 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்த வழக்கம். இம்முறையில் ஓர் ஆபத்து இருந்தது. முன்பே காது மந்தமான முதியவர்களுக்கு மருந்து நச்சளவை எட்டினாலும் இரைச்சல் கேட்காமல் போகலாம். சிறு குழந்தைகளால் அதைச் சொல்லத் தெரியாது. குருதிச் சோதனை பரவலானதும் இம்முறை வழக்கொழிந்தது. இன்று இதய நோய்க்குத் தரப்படும் 75 முதல் 150 மி.கி. வரையிலான ஆசுப்பிரினால் பொதுவாகக் காதிரைச்சல் உண்டாவதில்லை.

சாலிசிலேட்டு காதிரைச்சல் ஆய்வுக்கும் கருவியாயிற்று. விலங்குக்குக் காது இரைகிறதா என்று எவ்வாறு அறிவது என்பது நெடுநாள் சிக்கல். 1988இல் பாவெல் யாசுத்திரெபோப்பும் உடன் ஆய்வாளர்களும் எலிகளைப் பழக்கி இதற்கு வழி கண்டனர். பின்னணி ஒலி நின்று அமைதி ஏற்பட்டால் அதிர்ச்சி வரும் என எலிகள் கற்றுக்கொண்டன. சாலிசிலேட்டு கொடுக்கப்பட்ட எலிகளோ அமைதியிலும் ஒலி கேட்பதுபோலவே நடந்துகொண்டன. காதிரைச்சல் வெறும் மனக்கற்பனை அன்று, நரம்பு மண்டலத்தில் நிகழும் மாற்றம் என்பதற்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

குயினைனும் சாலிசிலேட்டும் உட்செவியின் வெளி மயிரணுக்கள் சுருங்கி விரியும் இயக்கத்தைத் தடுக்கின்றன. அணுக்கள் பெரும்பாலும் சாவதில்லை. அதனால்தான் மருந்தை நிறுத்தியபின் இரைச்சல் பொதுவாகத் தணிகிறது.

ஸ்ட்ரெப்டோமைசின்: மாறிய பொருள்

1943இல் அமெரிக்காவில் செல்மன் வாக்சுமனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் சாட்சு ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியை ஒடுக்கிய முதல் நுண்ணுயிர் எதிர்மருந்து இது. நோயாளிகளிடம் சோதித்தபோது, அது உட்செவியின் சமநிலை உறுப்பைத் தாக்குவது விரைவில் தெரியவந்தது. சிலர் நேராக நடக்க முடியாமல் தள்ளாடினர். இக்குறையைப் போக்கும் நோக்கில் உருவாக்கப்பட்ட டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் சமநிலையைக் குறைவாகவே பாதித்தது. ஆனால் கேட்கும் உறுப்பையே அழித்தது. ஊசி நிறுத்தப்பட்டுப் பல வாரங்களுக்குப் பிறகும் செவித்திறன் இழப்பு தொடங்கியது. அம்மருந்து கைவிடப்பட்டது.

இவ்வகை மருந்துகள் அமினோகிளைக்கோசைடுகள் எனப்படுகின்றன. இவை ஒலியதிர்வை உணரும் நுண்வழிகள் மூலமாகவே மயிரணுக்களுக்குள் நுழைந்து தங்கி, அவற்றைக் கொல்கின்றன. மனிதரின் ஒவ்வோர் உட்செவியிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்களே உள்ளன. இறந்தவை மீண்டும் வளர்வதில்லை. உயர் அதிர்வெண் ஒலிகளை உணரும் அணுக்கள் முதலில் அழிவதால் தொடக்கத்தில் உரையாடல் பாதிக்கப்படுவதில்லை. நோயாளி தன் காது நன்றாகக் கேட்பதாகவே எண்ணுகிறார். அப்போது அவர் அறியக்கூடிய எச்சரிக்கை பெரும்பாலும் காதிரைச்சல் ஒன்றே.

குயினைன் காலத்தில் போதிய மருந்து சேர்ந்ததன் அடையாளமாக இருந்த அதே ஒலி, ஸ்ட்ரெப்டோமைசின் காலத்தில் இழப்பு தொடங்கிவிட்டதன் அடையாளமாயிற்று. ஆனால் முந்தைய அனுபவத்தால் உருவான பொறுத்துக்கொள்ளும் மனநிலை எளிதில் மாறவில்லை.

சிலருக்கு மிகக் குறைந்த அளவே பெருங்கேடு விளைவித்தது. ஒரே குடும்பத்தில் தாய்வழியில் பலர் இவ்வாறு செவித்திறன் இழந்ததன் காரணம் 1993இல் வெளிப்பட்டது. மைட்டோகாண்ட்ரிய மரபுப்பொருளின் 1555ஆம் இடத்தில் நேரும் ஒரே ஒரு மாற்றம் அமினோகிளைக்கோசைடுகளுக்கு உட்செவியை மிகுந்த உணர்திறன் உடையதாக்குகிறது.

சென்னை ஆய்வுகளும் ஊசி மருந்துகளும்

1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இதில் இணைந்தன. காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை இம்மையத்தின் 1959ஆம் ஆண்டு அறிக்கை நிறுவியது. வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோநியாசிட் மாத்திரையும் கண்காணிப்பில் தரும் முறையும் இங்கு 1960களில் ஆராயப்பட்டது. நாள்தோறும் ஊசி போடுவதைத் தவிர்த்தது செலவையும் நஞ்சேற்றத்தையும் குறைக்க உதவியது.

1997இல் தொடங்கிய திருத்தப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், முன்பே சிகிச்சை பெற்று நோய் திரும்பியவர்களுக்கு 24 ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் போடப்பட்டன. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு 2007 முதல் தரப்பட்ட சிகிச்சையில் கானமைசின் ஊசி குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்தது. இம்மருந்து 1957இல் சப்பானில் அமாவோ உமேசாவாவின் குழு கண்டறிந்தது. செவியைத் தாக்குவதில் ஸ்ட்ரெப்டோமைசினை விடக் கடுமையானது. உயிர் பிழைத்தவர்களில் பலர் காது கேளாதவர்களாக வெளியேறினர்.

காப்புரிமை வழக்கு

மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளரும் பரதநாட்டியக் கலைஞருமான நந்திதா வெங்கடேசன், 2013இல் காசநோய்ச் சிகிச்சையின்போது செவித்திறனை இழந்தார். தென்னாப்பிரிக்காவின் புமேசா திசிலேவும் இதேபோல் பாதிக்கப்பட்டவர். செவியைக் கெடுக்காத பெடாகுயிலின் மாத்திரை 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, 2016இல் இந்தியத் திட்டத்தில் வரையறுக்கப்பட்ட அளவில் நுழைந்திருந்தது. அதன் முதல் காப்புரிமை 2023 சூலையில் முடிய இருந்த நிலையில், அம்மருந்தின் உப்பு வடிவத்துக்குத் தனிக் காப்புரிமை பெற்று 2027 வரை உரிமையை நீட்டிக்கச் சான்சன் அண்டு சான்சன் நிறுவனம் விண்ணப்பித்தது. இருவரும் 2019இல் இதற்கு எதிராக இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மனு செய்தனர். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. குறைந்த விலையில் பொதுப்பெயர் மருந்துகள் தயாரிக்க வழி திறந்தது.

1820இல் குயினைனுக்குக் காப்புரிமை கோரப்படவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், பழைய மருந்தால் செவியை இழந்தவர்கள் புதிய மருந்து பிறருக்குக் கிடைப்பதற்காகக் காப்புரிமையை எதிர்த்து வாதிட வேண்டியிருந்தது.

இதற்கிடையே 2018இல் உலக சுகாதார நிறுவனம் கானமைசினையும் காப்ரியோமைசினையும் பரிந்துரையிலிருந்து விலக்கி, பெடாகுயிலினுக்கு முதலிடம் அளித்தது. பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினெசோலிட், மாக்சிபுளோக்சசின் ஆகிய நான்கு மாத்திரைகள் கொண்ட ஆறு மாதச் சிகிச்சைக்கு இந்திய அரசு 2024இல் ஒப்புதல் அளித்தது. ஊசி இதில் இல்லை. புதிய மருந்துகளுக்கும் இதயத்துடிப்பு மாற்றம், நரம்புப் பாதிப்பு முதலிய பக்கவிளைவுகள் உண்டு. ஆதலால் கண்காணிப்பின் தேவை குறையவில்லை.

புதுச்சேரியும் மருந்துக் கண்காணிப்பும்

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. பழைய பிரெஞ்சு மருத்துவப் பள்ளி 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும், 1964இல் சவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமாகவும் வளர்ந்து கோரிமேட்டில் அமைந்தது. 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைப் புதுச்சேரியில் நிறுவியது. மலேரியாவையும் யானைக்கால் நோயையும் பரப்பும் கொசுக்கள் இங்கு ஆராயப்பட்டன. கொசு குறைந்தால் காய்ச்சல் குறையும். காய்ச்சல் குறைந்தால் கொயினாவின் தேவையும் குறையும்.

பக்கவிளைவுகளைத் திரட்டும் பணியிலும் ஜிப்மருக்கு இடமுண்டு. 2004இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் ஐந்து வட்டார மையங்களுள் புதுச்சேரியும் ஒன்று. 2010இல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. நோயாளிகளே நேரடியாகப் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800 180 3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இத்திட்டத்தில் உள்ளது.

இன்றைய நிலை

கடுமையான மலேரியாவில் ஆர்ட்டிசுனேட்டு ஊசி குயினைனை விட அதிக உயிர்களைக் காப்பதை, இந்தியா, வங்காளதேசம், மியான்மர், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. குயினைன் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும் ஆர்ட்டிசுனேட்டு பெற்றவர்களில் 15 விழுக்காட்டினரும் இறந்தனர். இதன்பின் குயினைன் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள் உட்கொள்ள வேண்டிய இம்மருந்தைக் கசப்பாலும் காதிரைச்சலாலும் பலர் பாதியில் நிறுத்தியதும் அதன் பெருங்குறை.

புற்றுநோய்க்கான சிசுப்பிளாட்டின், நீர்பிரிப்பு மருந்தான பியூரோசிமைடு, குறைந்த பிறப்பெடைக் குழந்தைகளுக்கும் கடும் தொற்றுகளுக்கும் தரப்படும் செண்டாமைசின், அமிக்காசின் ஆகியவை இன்றும் பயன்பாட்டில் உள்ள, செவியைப் பாதிக்கக்கூடிய மருந்துகள். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இவற்றின் ஆபத்து கூடுதல். மருந்து வெளியேறாமல் உடலில் தங்குவதே காரணம். வழக்கமான செவித்திறன் சோதனை 8,000 எர்ட்சு வரையே அளக்கிறது. அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களையும் சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் அளந்தால் பாதிப்பை முன்கூட்டியே அறியலாம்.

மருந்து உட்கொள்ளும் காலத்தில் காதிரைச்சல் தோன்றினால் அதை உடனே மருத்துவரிடம் தெரிவிப்பதே முறை. மருந்தைத் தாமாக நிறுத்துவது, குறிப்பாகக் காசநோயிலும் மலேரியாவிலும், நோய் முற்றவும் கிருமி மருந்துக்குப் பழகவும் இடமளிக்கும். அளவைக் குறைப்பதா, மாற்று மருந்து தருவதா என்ற முடிவு நோயாளி சொல்லும் அந்த ஒரு செய்தியைப் பொறுத்தே அமைகிறது. காதிரைச்சலை நோயாளி மட்டுமே கேட்கிறார். அவர் சொன்னாலொழிய மருத்துவருக்குத் தெரியாது.